செம்பாக்கம் வரை வந்த கடல் எல்லை

யாழ்ப்பாணத்தில் நாங்கள் அறுக்குளா என்று சொல்லும் மீனுக்கு இங்கே செம்பாக்கத்தில் வஞ்சிரம் என்று பெயர். இத்தனை வருடமாகியும் எனக்கு வாயில் முதலில் வருவது அறுக்குளாதான். கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் செல்வி அதைக் கேட்டுச் சிரிக்காத நாள் கிடையாது. போன வாரம் சிரிக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யக்கா, எம்புள்ளய உங்க ஊரு நேவி புட்ச்சிகினு பூட்டாங்க. நீ ஒரு போன் போட்டு சொன்னா வுட மாட்டாங்களா?”

கூலி அதிகம் கிடைக்கிறதே என்று ராமேஸ்வரத்துப் படகுக்குப் போன பிள்ளை. படகு எல்லையைத் தாண்டிவிட்டதாம். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்காதீர்கள்; இலங்கை என்றால் பக்கத்துத் தெரு, அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பது அவள் நினைப்பு. நான் இங்கே அகதியாகப் பதிந்து வாழ்கிறவள், இரண்டு நாட்டிலும் எனக்கு வோட்டு இல்லை என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது?

அதே எல்லைக்கோட்டைத்தான் நானும் தாண்டினேன். ஷெல்லுக்குப் பயந்து படகேறி வந்த எங்களை இந்தக் கரையில் யாரும் சிறையில் போடவில்லை, தேத்தண்ணி தந்தார்கள். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் கடலில் இறங்கவே தடை. சண்டை ஓய்ந்து, பருத்தித்துறையில் என் தம்பி, தன் மனைவியின் நகையை விற்று வலை வாங்கி இறங்கினால், இங்கிருந்து போன இழுவைப் படகுகள் அதை அறுத்துக்கொண்டு போய்விட்டன. போர்க்காலத்தில் எங்களைக் காப்பாற்றிய கோடு, சமாதான காலத்தில் தமிழனையும் தமிழனையும் மோதவிடுகிறது. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வேறு வழி தோன்றாமல் தம்பிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். செல்வி அழுதழுது சொன்னாள். அவன் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னான்.

“அம்மா, பிடிச்சது நேவி. நான் சொன்னா ஆர் கேப்பினம்? என்ர வலையும் போயிட்டுது.”

“அய்யோ, வலை பூட்ச்சா தம்பி?” என்று செல்வி பதறினாள். வலை போனால் ஒரு வீடு என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். “அவரும் பாவம்க்கா. ஆனா எம்புள்ளய வுடச் சொல்லி நீ அங்க சொல்லு.”

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் தம்பி லைனில் இருந்தான். “பாவம் அந்த மனிசி. எண்டாலும் அக்கா, உங்கட ஆக்களை இஞ்சால வரவேண்டாமெண்டு நீங்கள் அங்க சொல்லுங்கோ.”

இரண்டு பேருக்கும் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன். யாரிடம் போய்ச் சொல்வேன்? செல்விக்கு நான் அந்தக் கரைக்காரி. கூடப் பிறந்த தம்பிக்கு நான் இந்தக் கரைக்காரி.