தனித்திருக்கத் தெரிந்த நாய்

ஊறிய புண்ணாக்கின் புளிப்பும் ஈர வைக்கோலின் வெம்மையும் கலந்த வாடை ஒன்று, சிராங்கூன் சாலையின் பின்சந்துகளில் மாட்டுக்கொட்டகைகள் இருந்த அந்த ஐம்பதுகளின் இறுதியில், நாள்தோறும் எங்கள் சன்னல் வழியே வந்து எங்களை எழுப்பும். எழுந்த சிறிது நேரத்தில் வீடு காலியாகிவிடும். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. அம்மா மருத்துவமனையில் ஆயா. அண்ணனும் நானும் பள்ளிக்குப் போய்விடுவோம். தகரக்கூரை வேய்ந்த நீண்ட பலகை வீடு அது. அதில் இரண்டு அறைகள் எங்களுடையவை. பலகைச் சுவருக்கு அப்பால் ஒரு சீனர், இரவெல்லாம் ரொட்டிக் கடையில் மாவு பிசைந்துவிட்டுப் பகலெல்லாம் உறங்குபவர், தனியாகக் குடியிருந்தார்.

ஒரு நண்பகலில் யாரோ புகுந்து பித்தளைக் குடத்தையும் கொடியில் உலர்ந்த சேலைகளையும் கொண்டுபோன பிறகு, நாய் வளர்ப்பது என்று அப்பா முடிவு செய்தார். பால்காரரின் கொட்டகையில் ஓடித்திரிந்த குட்டிகளை ஒவ்வொன்றாகக் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்; வலியில் கத்தாத குட்டியே காவலுக்கு உகந்தது என்பது அவர் கப்பலேறும்போது உடன் கொண்டுவந்த நம்பிக்கை. கத்தாமல் அவர் கையைக் கடிக்கப் பாய்ந்த கறுப்புக் குட்டி, "வீரன்" என்னும் பெயரோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. வலியைப் பொறுத்த அந்த வீரனால் தனிமையைப் பொறுக்க முடியவில்லை. நாங்கள் கதவைச் சாத்தியதும் தொடங்கும் ஊளை, மாலையில் அண்ணன் திரும்பும் வரை ஓயாது. உறக்கமின்றிக் கண் சிவந்த சீனர் முறையிட, வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"நாய அனுப்பிடுங்கலா. இன்னொண்ணு வந்து இதே மாதிரி அழுதுச்சுன்னா, நாயோட நீங்களும் கெளம்பிக்கிங்க."

அந்த வாடகைக்கு வேறிடம் கிடைக்காது என்பதைப் பெரியவர்களின் தணிந்த பேச்சிலிருந்து நானும் அறிந்திருந்தேன். வீரன் கொட்டகைக்கே திரும்பினான். அப்பா நாய்ப் பேச்சை விட்டுவிட்டார்; அம்மா விடவில்லை.

மறு வாரத்திலிருந்து, பணி முறை ஒத்துவந்த காலைகளில், அம்மா கொட்டகையின் தகர வேலிக்கு வெளியே, சாக்கடை ஓரமாக நிற்கத் தொடங்கினாள். பள்ளி இல்லாத நாளில் என்னையும் அழைத்துச் சென்றாள். பால்காரர் பாத்திரங்களைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு புறப்படுவார். குட்டிகள் சக்கரத்தைத் துரத்தும். பிறகு வாயிலில் நின்று குரைக்கும். குரைத்து அலுத்து முனகும். வயதேறிய செவலை நாய் ஒன்று மட்டும் வாயில் வரை நடந்துசென்று, சைக்கிள் முனை திரும்பும் வரை பார்த்திருந்து, திரும்பி வந்து வைக்கோலில் படுத்துக்கொள்ளும். அம்மா பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

"நாம கூட இருக்கிறப்ப எல்லா நாயும் நல்ல நாய்தான். நாம இல்லாதப்ப எப்படி இருக்குன்னுல்ல பாக்கணும்" என்றாள் என்னிடம்.

பால்காரரோ சிரித்துவிட்டார். "ஏன் தங்கச்சி, இம்புட்டுக் குட்டி இருக்கு, இந்தக் கெழவியவா கேக்குற? மாடு கத்தினாக்கூட எந்திரிக்காது!"

"அதுதாண்ணே எங்களுக்கு வேணும்."

அம்மா செவலையோடு வீடு திரும்பியதைக் கண்ட அப்பா சிரிக்கவில்லை. "காவலுக்கு நாய் வேணும்னா, தூங்குறதுக்குக் கொண்டாந்திருக்கியே புள்ள. வீட்டுக்காரரு சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கலைங்க. ஒரு நாளு விட்டுத்தான் பாப்பமே."

அந்த ஒரு நாள், பள்ளியில் என் காதுகள் பாடத்தைக் கேட்கவில்லை. இல்லாத ஓர் ஊளையையே கேட்டுக்கொண்டிருந்தன. மாலையில் எல்லோரும் திரும்பிய சிறிது நேரத்தில், சீனர் எங்கள் கதவைத் தட்டினார். அம்மாவின் முகம் வெளுத்ததை நான் கண்டேன்.

"அஞ்சிங் சுடா மாத்தி கா?" என்றார் அவர், சந்தை மலாயில். நாய் செத்துவிட்டதா என்று கேட்கிறார்! நாள் முழுதும் ஓசையே இல்லாததால் ஐயமுற்று, உறக்கத்திலிருந்து எழுந்துவந்து எங்கள் சன்னல் கம்பிக்குள் கைவிட்டுத் திரையை விலக்கினாராம். நாய் எழுந்து, ஒரே ஒரு முறை உறுமியதாம். கையை இழுத்துக்கொண்ட வேகத்தை அவர் நடித்துக் காட்டியபோது, முதலில் சிரித்தவர் அப்பாதான்.

"தூங்குற நாய் இல்ல புள்ள, மத்தவங்களத் தூங்க விடுற நாயி!"

அந்த இரவு அப்பாவின் தட்டிலிருந்த மீன் துண்டு செவலைக்குப் போயிற்று. அதன் பிறகு எந்தப் பொருளும் காணாமல் போகவில்லை. வீட்டுக்காரரும் நாயைப் பற்றி வாய் திறக்கவில்லை. அம்மா தன் தேர்வைப் பற்றி யாரிடமும் பெருமை பேசியதில்லை. பிறர் பேசினால், எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த இன்று, அந்தக் கொட்டகைகள் நகருக்கு வெளியே சென்றுவிட்டன. பலகை வீடும் இல்லை. ரொட்டிக்காரர் எங்கே குடிபெயர்ந்தார் என்று தெரியவில்லை. செவலை, நாங்கள் இடம் மாறுவதற்கு முன்பே, ஒரு மழைநாளில், எவரையும் தொந்தரவு செய்யாமல் இறந்துபோனது. புக்கிட் மேராவின் அடுக்குமாடி வீட்டிலிருந்து இப்போதும் காலையில் ஒவ்வொருவராகக் கிளம்புகிறோம். நான் பல்கலைக்கழகத்துக்கு, அம்மா அதே மருத்துவமனைக்கு. பகல் முழுவதும் வீட்டைக் காப்பது ஒரு பூட்டு. அதை நாங்கள் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை; கதவோடு வந்தது.