பொலிஸ் நிலையத்தில் திறந்த கணக்கு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் நானும் மச்சாளும் ஒரு கடை நடத்தினோம். நூல், பொத்தான், சிப், ஊசி, லைனிங் துணி என்று தையல்காரருக்கு வேண்டியதெல்லாம் விற்றோம். அதற்கு முன்பு நான் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் தட்டெழுத்தாளராக இருந்தேன். அங்கே குண்டு வெடித்த பிறகு கம்பனி இடம் மாறி, ஆட்களையும் குறைத்தது. கிடைத்த நட்டஈட்டில் கடையைத் தொடங்கினேன்.

மச்சாள் என் அண்ணாவின் மனைவி. அண்ணா ஒருமுறை விசாரணைக்கென்று பிடிபட்டு மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். அந்த மாதங்களில் சாப்பாட்டுப் பார்சலோடு பொலிஸ் நிலைய வாசல்களில் நின்றவர் மச்சாள்தான். விடுபட்டதும் அண்ணா கனடாவுக்குப் போய்விட்டார். விசா வரும்வரை மச்சாள் என்னோடு இருந்தார். வெள்ளவத்தைப் பொலிஸ் நிலையப் பக்கம் போகவேண்டி வந்தால் அவர் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவார். காரணம் கேட்டால், "இங்கால நிழல்" என்பார்.

புதிய பொருட்கள் சேவைகள் வரி வந்தபோது, எங்களைப் போன்ற சின்னக் கடைக்கு அது வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் எங்களிடம் மொத்தமாக நூல் வாங்கிய இரத்மலானைத் தைப்புத் தொழிற்சாலைகள், வரி எண் இல்லாத பில் தங்களுக்கு உதவாது என்றன. அவர்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள எங்கள் பில் தேவைப்பட்டது. பதிவு செய்யாவிட்டால் வியாபாரம் வேறு கடைக்குப் போய்விடும். ஆகவே பதிந்தேன். அதன்பின் ஒவ்வொரு பில்லிலும் விலை வேறு, வரி வேறு என்று எழுதவேண்டும். வாங்கிய சாமானுக்குக் கட்டிய வரியைத் தனியே சேர்த்து, காலாண்டுக்கு ஒருமுறை வரித் திணைக்களத்துக்கு விபரத்திரட்டு கொடுக்கவேண்டும்.

எங்கள் கணக்கைப் பார்த்தவர் கொட்டாஞ்சேனையில் இருந்த ஒரு கத்தோலிக்கப் பெரியவர். துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து இளைப்பாறி, வீட்டு முன்னறையில் சிறு கடைக்காரருக்கு வரி வேலை செய்துகொடுத்தார். முதலாவது விபரத்திரட்டை முடிப்பதற்குள் அவருக்கும் எனக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

"மிஸ், இத இனிக் கையால செய்ய ஏலாது. ஒரு கொம்பியூட்டர் எடுங்க," என்றார். அதைத் திருத்தவும் கணக்கு நிரலைப் போட்டுத் தரவும் தன் தெருவிலேயே ஆள் இருப்பதாகவும் சொன்னார்.

அந்த ஆள் ஒரு சிங்களவர். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகக் கதைத்தார். பழைய கணினி ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் கடை மேசையில் வைத்து வயர்களைப் பூட்டினார். தட்டெழுத்துத் தெரிந்த விரல்களுக்கு அது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. மச்சாளுக்குத்தான் பிடிக்கவில்லை. மின்வெட்டு நடந்த காலம் அது.

"கரண்ட் போனா உம்மட கணக்கும் போயிடும். சனம் பில்லுக்காகக் காத்துக்கொண்டு நிக்கவேணுமோ?" என்று கேட்பார்.

"பற்றரிப் பெட்டி ஒண்டு பூட்டியிருக்கு மச்சாள். சேமிச்சுப்போட்டு நிப்பாட்ட நேரம் இருக்கு."

"எனக்கெண்டா நம்பிக்கை இல்லை."

விபரத்திரட்டு கொடுக்கவேண்டிய வாரம் ஒரு காலையில், கணினிக்கு உயிர் வரவே மறுத்தது. பொத்தானை அழுத்தினால் சத்தமில்லை, வெளிச்சமில்லை. திருத்துபவருக்குத் தொலைபேசி எடுத்தேன். தன்னால் அன்று தன் கடையை விட்டு வரமுடியாது, பெட்டியை மட்டும் கொண்டுவாருங்கள் என்றார். பழைய பெற்சீற் விரிப்பு ஒன்றில் அதைச் சுற்றி, முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன்.

கொள்ளுப்பிட்டி தாண்டியதும் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள். நான் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அதில் இருந்தது. பிறகு மடியைப் பார்த்தார்கள்.

"மொகத்த மே?" இது என்ன என்று சிப்பாய் கேட்டான்.

கணினி என்றேன். அவன் பெற்சீற்றை விலக்கிப் பார்த்தான். கணினி என்றால் டீவீ மாதிரி ஒன்று இருக்குமே, அது எங்கே என்றான். கடையில் என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பிழையான பதிலாகக் கேட்கிறது என்று எனக்கே விளங்கியது. திருகாணி போட்டு மூடிய இரும்புப் பெட்டி, உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது, சுற்றியிருப்பதோ பழைய பெற்சீற். அவன் இரண்டடி பின்னால் போய் மற்றவர்களைக் கூப்பிட்டான். முச்சக்கர வண்டிக்காரர் என்னைத் தனக்கு முன்பின் தெரியாது என்று உரத்துச் சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னது உண்மைதான்.

பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியை முற்றத்தில் தூரமாக வைத்தார்கள். ஒரு பெண் பொலிஸ் என்னைச் சோதித்துவிட்டு ஒரு நீள மர வாங்கில் இருத்தினார். பொறுப்பதிகாரி வந்ததும், கணக்குப் பெட்டிதான் என்றால் போட்டுக் காட்டு என்றார்.

"சேர், அது வேலை செய்யாது. அதனாலதான் திருத்தக் கொண்டுபோனேன்," என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

சுவரோரம் நின்ற பொலிஸ்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். என் வாய் மட்டும் எப்படியோ ஒழுங்காக வேலை செய்தது. திருத்துபவரின் விபரத்தைச் சொன்னேன், கடைக்கு ஒரு கோல் எடுக்க விடுங்கள் என்று கேட்டேன். விட்டார்.

"மச்சாள், பயப்படாதேங்கோ. நான் பொலிஸில நிக்கிறன்."

திருத்துபவரைக் கூப்பிடுங்கள், அவரிடம் திரையையும் கீபோர்டையும் கொடுத்துவிடுங்கள், நீங்கள் வரவேண்டாம் என்றேன்.

"சரி," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மத்தியானம் கடந்து திருத்துபவர் வந்தார். தன் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அவருக்குப் பின்னால், அந்தக் கனத்த திரையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மச்சாள் படியேறி வந்தார். வேறு யாரையும் அதைத் தூக்க விடவில்லையாம். திரையை மேசையில் வைத்துவிட்டு வந்து, என் தோளோடு தோள் உரச வாங்கில் இருந்தார். அவருடைய சேலைத் தலைப்பு முழுக்க வேர்வை.

திருத்துபவர் முற்றத்துக்குப் போய்த் தனியாகப் பெட்டியைத் திறந்தார். மற்றவர்கள் கதவடியில் நின்று பார்த்தார்கள். உள்ளே தூசியும் வயரும்தான். பிறகு எல்லோரும் கிட்ட வந்தார்கள். மின்சாரம் கொடுக்கும் பாகம் எரிந்துபோயிருந்தது. தன் பையிலிருந்து வேறொன்றை எடுத்து, பொலிஸ் மேசையிலேயே மாற்றினார். விசிறி சுழன்றது. திரையில் வெளிச்சம் வந்தபோது, நான் கும்பிடாத தெய்வமில்லை.

பொறுப்பதிகாரி கதிரையை இழுத்துக்கொண்டு இருந்தார். சாமான் பட்டியலைத் திறக்கச் சொன்னார். 'பி 40, டபிள்யூ 60, டிபி 14' என்று குறியீடுகளாக இருந்தன. சுருக்கமாக இருக்கட்டும் என்று நானே வைத்தவை.

"இதெல்லாம் என்ன?"

"பி எண்டா கறுப்பு நூல், டபிள்யூ வெள்ளை. நாப்பது, அறுபது நூலின்ர தடிப்பு. டிபி தையல் மெசின் ஊசி." எனக்குச் சிங்களச் சொற்கள் தட்டுப்பட்டபோது திருத்துபவர் எடுத்துக்கொடுத்தார். "சேரின்ர யூனிபோமும் நாப்பது நூலிலதான் தைச்சிருக்கு."

அவர் தன் சட்டைக் கையைத் திருப்பித் தையலைப் பார்த்தார். பிறகு வரிப் பக்கத்தைக் காட்டச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இவ்வளவையும் எழுதிக் கொடுக்கவேணுமா?"

"ஓம் சேர். இந்தக் கிழமைக்குள்ள."

எங்களைப் போகச் சொன்னார். அடுத்த தடவை கொண்டுபோனால் திரையையும் சேர்த்துக் கொண்டுபோகும்படி சொன்னார். புத்திமதிபோலத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

வெளியே வந்து தெருமுனை திரும்பியதும் மச்சாள் மதிலில் கைவைத்துக் குனிந்து வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவினேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "பிளேன்ரீ ஒண்டு குடிப்பம்," என்றார். மூவரும் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் நின்று குடித்தோம். திருத்துபவர் அந்தப் பாகத்தின் விலையை மட்டும் வாங்கினார்.

விபரத்திரட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன்பின் பெட்டியை நான் வெளியே எடுக்கவேயில்லை. பழுது என்றால் திருத்துபவரே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். அடுத்த வருடம் மச்சாளுக்கு விசா வந்தது. போவதற்கு முந்தின கிழமைகளில் அவர் என் பக்கத்தில் கதிரை போட்டு, பில் போடுவது எப்படி என்று கேட்டுப் பழகினார். அங்கே போய் ஏதாவது வேலை தேடவேண்டும் என்றார். ரொறொன்ரோவில் ஒரு துணிக்கடையில் காசாளராகச் சேர்ந்ததாகப் பிறகு தொலைபேசியில் சொன்னார். இங்கே கடையை நான் தனியாக இன்னும் பல வருடம் நடத்தினேன்.