ட்ராக் முடியட்டும், அப்புறம் வாய்ஸ்

என் அண்ணனிடம் முப்பத்தேழு பியானோ இருந்தது. கடலூர் முதுநகரில், மாவு மில்லுக்குப் பின்னால், கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத ஓர் அறையில் முப்பத்தேழு பியானோ. அது போக வயலின் கூட்டங்கள், புல்லாங்குழல்கள், எதனோடும் சேர்க்க முடியாத ஏதேதோ சத்தங்கள். எல்லாம் கம்ப்யூட்டருக்குள். திரையில் மரப்பெட்டி மாதிரி ஒரு படம் வரும். அதில் திருகுகளும் வரைந்திருக்கும். மவுஸால் திருகைத் திருப்பினால் சத்தம் மாறும். சாப்ட்வேர் சிந்த் என்று அதற்குப் பெயர். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பெயரைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவனுக்கு வாசிக்கத் தெரியாது என்றால்கூட மன்னித்துவிட்டிருப்பேன். நன்றாக வாசிப்பான். கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் அவன்தான் கீபோர்டு. 2004-இல் அவனிடம் இருந்தது ஒரே ஒரு பழைய கீபோர்டு. அதில் இரண்டு கட்டைகள் அழுத்தினால் எழாது. ஆர்கன் சத்தம் ஒன்றுதான் கேட்கிற மாதிரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு மெட்டு போடுவான். போட்டதும் சமையலறைக்கு ஓடி வந்து அம்மாவிடம் வாசித்துக் காட்டுவான். கம்ப்யூட்டர் வந்தது 2007-இல். அதற்குப் பிறகு அவன் ஒரு பாட்டைக்கூட முடித்து நான் பார்க்கவில்லை. பழைய கீபோர்டு மேல் துண்டைப் போட்டு மூடினான், அதன் மேல் துவைத்த துணி ஏறியது.

இதற்கெல்லாம் சப்ளை அவனுடைய கூட்டாளி. இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். வீட்டிலும் எல்லோருக்கும் அவன் 'அந்த மச்சான்' ஆகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமையானால் பாண்டிச்சேரியிலிருந்து டிவிடிகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நிற்பான். எல்லாம் திருட்டுக் காப்பிதான். "மச்சான், இதுல இருக்கிற ஸ்டிரிங்ஸ் கேட்டா அழுதுடுவ" என்பான். அழுதது நான்தான், அது வேறு காரணத்துக்காக.

நான் அப்போது சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ரயில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று பிடுங்கிப் போட்டிருந்த காலம். தினமும் பஸ்ஸில்தான் போய்வர வேண்டும். அண்ணன் என் கையில் ஒரு பென் டிரைவைக் கொடுத்து அனுப்புவான். கீழ வீதி பிரவுசிங் சென்டரில் நெட் வேகமாக வரும், இந்த இந்தப் பெயரில் தேடி இறக்கிக்கொண்டு வா என்று துண்டுச் சீட்டில் எழுதித் தருவான். காலையில் ஆலப்பாக்கம் வரை ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போனவள், சாயங்காலம் அவனுக்கு இன்னொரு வயலின் கூட்டத்தைச் சுமந்துகொண்டு வருவேன். இறக்கியதில் பாதியை அவன் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டான்.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா பால்வாடி டீச்சர். பிள்ளைகளுக்குப் பாடிப் பாடி அவளுக்குத் தொண்டை திறந்தே இருக்கும். வீட்டில் அவள் பாடுவது எல்லாம் நக்கல் பாட்டு. எங்களில் யார் மாட்டினாலும் அன்றைக்கே கட்டிப் பாடிவிடுவாள். அப்பாவுக்குச் சேத்தியாத்தோப்பில் வேலை. அங்கேயே தங்கி சனிக்கிழமை சாயங்காலம் வருவார். அவர் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து வரும்:

"சேத்தியாத்தோப்பு பஸ்ஸு வந்தாச்சி, சீமத்தொர எறங்கியாச்சி,
பையப் பிரிச்சிப் பாத்தாக்கா, வாரத்து அழுக்கு வந்தாச்சி."

அப்பா கோபப்படுவது போல் முகத்தை வைத்துக்கொள்வார். ஆனால் ஒரு வாரம் அவள் பாடாமல் இருந்தால், "என்னா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். அந்தக் குரலை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கீழே கனமாக ஆரம்பிக்கும், 'ஆச்சி'யில் சட்டென்று மேலே ஏறி நின்று சிரிக்கும். எழுதினால் இவ்வளவுதான் வருகிறது. அதற்காகத்தான் இத்தனை ஆத்திரமும்.

2008-இல் அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு, ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்று பாண்டிச்சேரியில் டாக்டர் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, சில பேருக்குக் குரல் மாறிவிடும் என்றும் சொன்னார். அம்மா திரும்பி வருகிற பஸ்ஸிலேயே டாக்டரின் மூக்குக்கண்ணாடியை வைத்து ஒரு பாட்டு கட்டிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் சொன்னேன்.

"அண்ணா, ஆபரேஷனுக்கு முன்னாடி அம்மா பாட்ட ரெகார்ட் பண்ணிடு."

அவன் முகம் மலர்ந்துபோனது. "சூப்பர் ஐடியா. ஆனா சும்மா பாடி வச்சா நல்லாருக்காது. ட்ராக் போட்டுச் செய்வோம். பெருசா செய்வோம்."

இதுதான் அந்தத் தொழிலின் முறை. முதலில் வாத்தியமெல்லாம் சேர்த்து ட்ராக்கை முடிப்பார்கள். கடைசியில்தான் பாடுகிறவர் வந்து, காதில் அதைக் கேட்டுக்கொண்டு பாடிவிட்டுப் போவார். ஸ்டூடியோவில் கூலிக்குப் பாட வருகிறவருக்கு அது சரி. அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டு பாடுகிற பெண்பிள்ளைக்கு எதற்கடா ட்ராக்? கேட்டேன். "ஒனக்குத் தெரியாது, நீ சும்மா இரு" என்றான்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அந்த ஒரு மாதத்தில் என் அண்ணன் என்ன செய்தான் என்று கேளுங்கள். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வருகிற ஒரே ஒரு சுரத்துக்குச் சத்தம் தேடினான். நான் காலேஜ் விட்டு வரும்போது வாசலிலேயே கேட்கும். அதே சுரம். ஒரு தடவை கண்ணாடி மாதிரி, ஒரு தடவை மழை மாதிரி, ஒரு தடவை பழுதான ஃபிரிட்ஜ் மாதிரி. உள்ளே இருவரும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருப்பார்கள்.

"இதுல கொஞ்சம் கனம் ஜாஸ்தி மச்சான்."

"அப்ப போன வாரம் எடுத்துட்டு வந்தத லோடு பண்ணிப் பாரு மச்சான்."

இரண்டே வரிப் பாட்டு. அப்பாவின் அழுக்குத் துணியைப் பற்றிய பாட்டு. அதற்கு இந்தப் பாடு.

அம்மா என்ன செய்தாள் என்பதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை. அவள் இதை ஒரு விசேஷமாக எடுத்துக்கொண்டாள். போட்டோ எடுக்கிறார்கள் என்பது போல ஒரு நல்ல புடவையை இஸ்திரி போட்டுத் தனியாக வைத்திருந்தாள். பால்வாடி விட்டு வந்ததும் உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பாள். அண்ணன் அறை வாசலில் போய் நிற்பாள். "என்னாப்பா, பாடட்டுமா?" என்பாள்.

"இன்னும் ட்ராக் ஆவலம்மா. ட்ராக் முடியட்டும், அப்பறம் வாய்ஸ்."

"சரிப்பா" என்று திரும்பி வந்து அரிசி களைவாள். அப்படி எத்தனை தடவை திரும்பி வந்தாள் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அப்போது இருந்த செல்போன்களில் பேச மட்டும்தான் முடியும். என் சிநேகிதியிடம் ரெகார்டு செய்கிற போன் இருந்தது, அதை ஒருநாள் இரவல் வாங்கி வந்தேன். அம்மா கையால் மறைத்துவிட்டாள். "அதுல எதுக்குடி? அவன் எவ்ளோ ஆசையா செஞ்சிக்கிட்டிருக்கான், நாம குறுக்கப் பூந்து கெடுக்கக்கூடாது." அவளுக்குப் பிள்ளை மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கை மேலும் எனக்குக் கோபம் உண்டு.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாள் வந்தது. அப்பா லீவு போட்டு வந்துவிட்டார். சாயங்காலம் பாண்டிச்சேரிக்குக் கிளம்ப வேண்டும். காலையில் அண்ணன் வண்டியை எடுத்தான். எங்கே என்றேன். மச்சானிடம் ஒரு புல்லாங்குழல் வந்திருக்கிறதாம், இதுவரைக்கும் கேட்காத புல்லாங்குழலாம், அதைப் போட்டால் ட்ராக் முடிந்துவிடுமாம். மத்தியானம் வந்து அம்மாவைப் பாட வைத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மத்தியானம் வந்தது. அம்மா இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு அவன் அறையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பொறுத்தது போதும் என்று நானே கம்ப்யூட்டரைப் போட்டேன். மைக்கைச் செருகி, ஒரு பட்டனை அழுத்தி, அம்மா பாடினால் முடிந்தது வேலை. மைக்கை அவள் முன்னால் வைத்தேன். ரெகார்டு செய்கிற சாப்ட்வேரைத் திறந்தேன்.

அது திறக்கவில்லை. திறப்பதற்கு முன்னால் உள்ளே இருக்கிற சிந்த்களையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க ஆரம்பித்தது. திரையில் பெயர்கள் ஓடின. முதல் பியானோ, இரண்டாம் பியானோ. நடுநடுவே ஒன்று நின்றுகொண்டு, என்னைக் காசு கொடுத்து வாங்கவில்லையே, இப்போது வாங்குகிறாயா, அப்புறம் வாங்குகிறாயா என்று கேட்டது. அப்புறம் என்று அழுத்தினேன். அடுத்தது கேட்டது. அதற்கும் அப்புறம். நான் கீழ வீதியிலிருந்து சுமந்துகொண்டு வந்தவையெல்லாம் வரிசையில் வந்து என்னிடமே கேட்டன. அம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஆரம்பிக்கட்டுமாடி?" என்றாள். இரும்மா, இன்னும் கொஞ்சம்தான் என்றேன்.

கரண்ட் போனது. அந்த வருடம் மின்வெட்டு இல்லாத மத்தியானம் ஏது? மின்விசிறி நின்றது, மாவு மில் நின்றது. யுபிஎஸ் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. திரையில் பெயர்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வயலின்கள் முடிந்து புல்லாங்குழல்கள் வந்தன. நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் கெட்ட வார்த்தைகளாகக் கொட்டினேன். யுபிஎஸ் நீளமாக ஒரு தடவை கத்திவிட்டு அணைந்தது. அறை அமைதியானது.

"வுடுடி. வந்து பாடிக்கலாம்" என்று அம்மா எழுந்தாள். அப்பா வாசலில் பையோடு நின்றுகொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். இஸ்திரி போட்ட புடவையோடேயே அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாங்கள் பஸ் ஏறிய பிறகுதான் அண்ணன் போன் செய்தான். புல்லாங்குழல் கிடைத்துவிட்டது என்றான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி சாதாரணக் கட்டிதான். குரல் மட்டும் போய்விட்டது. பேச்சு வந்தது, ஆனால் காற்றும் கரகரப்புமாக வந்தது. ஆறு மாதத்தில் சரியாகலாம் என்றார்கள். ஆகவில்லை. பால்வாடியில் ஆயாம்மா பாட, அம்மா கைதட்டிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் அங்கேயே நிற்பார். அப்புறம் உள்ளே வருவார்.

அடுத்த வருடம் எனக்குச் சிதம்பரத்தில் வேலை கிடைத்தது. முதல் வேலையாக ரெகார்டு செய்கிற போன் ஒன்று வாங்கினேன். இனி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"அம்மா, கொரல சரி பண்றதுக்கே ஒரு சாப்ட்வேர் வந்திருக்காம். மச்சான் எடுத்துட்டு வரேன்னான். நீ இப்ப இருக்கிற மாதிரியே பாடு. பழைய மாதிரி ஆக்கிடலாம்."

எச்சில் கையோடு எழுந்துவிட்டேன். "பழைய மாதிரின்னா எந்த மாதிரி? எங்க வச்சிருக்க அந்த மாதிரிய? எடுத்துக் காட்டு பாப்போம்! ஒரு வரி இருக்கா ஒங்கிட்ட? முப்பத்தேழு பியானோ வச்சிருக்கியே, பெத்தவ கொரல் ஒரு வரி இருக்கா?"

அப்பா, "உக்காரும்மா" என்றார். நான் உட்காரவில்லை. இன்னும் கத்தியிருப்பேன். அப்போது அம்மா தொண்டையைச் செருமினாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே, அந்தக் கரகரத்த குரலில், ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக ஆரம்பித்தாள்.

"பொட்டிக்குள்ள பியானோ நூறு பூட்டி வச்சான் எம்மவன்,
போயிப் பாட நின்னாக்கா, கரண்டு இல்லங்கிறான் எம்மவன்."

மேலே ஏற வேண்டிய இடத்தில் குரல் ஏறவில்லை. உடைந்து வெறும் காற்றுதான் வந்தது. அவள் அதற்காக நிறுத்தவில்லை. நான் இடது கையால் போனை எடுத்து அழுத்திவிட்டேன். அது இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. கரண்டி சத்தம், அப்பா சிரிக்கிற சத்தம், நான் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எல்லாம் அதில் உண்டு. இரண்டாவது தடவை அவள் அந்த வரியை எடுக்கும்போது நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்கும். அண்ணன் எழுந்திருக்கிறான்.

"அம்மா, இரு இரு, நிறுத்து. நல்ல மைக்கு எடுத்துட்டு வந்துடறேன்."

அம்மா நிறுத்தவில்லை. பாடிக்கொண்டே போகிறாள்.