உடைந்த ஷாஃப்டோடு வந்தவர்

பல் எண்ணிக்கை சரியாக இருந்தால் செயினை இழுக்கும் முன் பல்சக்கரமான ஸ்பிராக்கெட் எதுவானாலும் என் பழைய பைக்குக்குப் பொருந்திவிடும் என்று நம்பி ஒன்றை வாங்கிவிட்டேன். நடுத்துளை கியர் ஷாஃப்டில் சேரவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை, ஓடாமல் நிற்கும் பைக்கைக் காயலான் கடையில் போட்டுவிடுவதாக மச்சான் மிரட்டியிருந்தான். பஸ் பிடித்துப் புதுக்கோட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடினேன். மனைவியின் பிரசவத்துக்குக்கூட நான் அப்படி ஓடியதில்லை.

“அது இப்ப வர்றதில்லங்க. வண்டிய எடைக்குக் குடுத்துருங்க,” என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றிருந்த நரைமீசைக்காரர் சீறினார். “குடுக்க மாட்டாரு. எனக்கும் அதே வண்டிதான். விக்காமக் கெடக்குற ஸ்பிராக்கெட் டப்பாவ இங்கிட்டு எடுங்க.”

தன் மஞ்சள் பையிலிருந்து அதே வண்டியின் உடைந்த பழைய கியர் ஷாஃப்ட் ஒன்றை எடுத்து, டப்பாவில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக அதில் மாட்டிப் பார்த்தார். அடியில் கிடந்த ஒன்று கச்சிதமாக உட்கார்ந்தது. இருந்ததே அது ஒன்றுதான்.

“இந்தாங்க,” என்று என்னிடம் நீட்டினார்.

“அப்ப ஒங்களுக்குண்ணே?”

“என் வண்டி நல்லாத்தான் ஓடுது.”

“பெறகு எதுக்கு வந்தீங்க?”

“சும்மா கேட்டு வச்சதுக்கு, வராதுன்னு இவரு போன்ல சொன்னாரு. அதெப்படி வராதுன்னு பாக்க வந்தேன்.”

ஞாயிற்றுக்கிழமை மச்சான் மினி லாரியோடு வந்தான். நான் பைக்கில் நார்த்தாமலைக்குப் போயிருந்தேன்.