அமாவாசைக்கு முந்தின நாள்

எங்கள் வீட்டில் எதற்கும் கிழமை பார்க்க மாட்டார்கள். அமாவாசை பார்ப்பார்கள், அவ்வளவுதான். காஞ்சிபுரத்தில் தறி நெய்கிறவர்களுக்கு அன்றைக்குத்தான் லீவு. ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடும், அமாவாசையன்று ஓடாது. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போவது, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, சொத்தைப் பல்லைப் பிடுங்குவது எல்லாவற்றையும் அந்த ஒரே நாளில் திணித்து வைப்பார்கள். எங்கள் பக்கத்து பேங்கில் அமாவாசையன்று உள்ளே நுழைய முடியாது. பல் டாக்டர் அன்றைக்கு மட்டும் மத்தியானம் சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகமாட்டார். பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குக் கோபம் வந்தாலும், "அமாவாசைக்கு உங்கப்பாவ வரச் சொல்லு" என்றுதான் திட்டுவார். ஊரே இப்படி வளைந்து கொடுத்ததால் உலகமும் வளைந்து கொடுக்கும் என்று என் அப்பா நம்பினார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. என்னைச் சொல்லலாம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எட்டாவது படித்தபோது எங்கள் கணக்கு டீச்சர் ஒரு நாள் மணி அடித்த பிறகு என்னை நிறுத்தி வைத்தார். வேறு மாவட்டத்தில், மலையடிவாரத்தில், தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது, பரீட்சை வைத்துப் பொறுக்கித்தான் எடுப்பார்கள், ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். எங்கள் பள்ளியில் அப்போது ஒரு வருஷமாக அறிவியலுக்கு ஆளே இல்லை. எனக்குக் கணக்கு நன்றாக வரும். வேறு ஒன்றும் வராது. சமையல் வராது, நாலு பேர் எதிரில் பேச்சு வராது. "இங்கயே கெடந்தா உன் மூள வீணாப்பூடும்டி" என்றார் டீச்சர். வீட்டில் அதை அப்படியே சொன்னேன். அப்பா தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கையை நிறுத்தி, "டீச்சரே சொன்னாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். அன்று முழுக்க அவருக்கு வாயெல்லாம் பல்.

என் விண்ணப்பத்துக்கு மூன்று அமாவாசை பிடித்தது. முதல் அமாவாசைக்கு சாதிச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தோம். இரண்டாவதுக்கு அதை வாங்கினோம், வெள்ளைத் துணிக்கு முன்னால் என்னை நிற்க வைத்துப் போட்டோ எடுத்தோம். மூன்றாவதுக்கு காந்தி ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அனுப்பினோம். டீச்சர் முன்யோசனைக்காரர், தீபாவளிக்கு முன்பே ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார், அதனால் பிழைத்தோம். எல்லாக் காகிதத்தையும் அப்பா ஒரு சேலை அட்டைப்பெட்டியில் போட்டு, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். யார் வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பெட்டியைக் காட்டுவார். திறக்க மாட்டார், பெட்டியை மட்டும் காட்டுவார்.

பரீட்சை அந்தப் பள்ளியிலேயே நடந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் டீச்சரே என்னைக் கூட்டிப்போனார். கணக்கெல்லாம் சுலபம். என்னைப் பயமுறுத்தியது வேறு. எங்கள் வீட்டில் எந்நேரமும் தறிச்சத்தம். நான் பேசப் பழகியதே அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான். அந்த ஹாலில் அறுபது பேர் இருந்தும் மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை. மத்தியான இடைவேளையில் ஹாஸ்டல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வரிசையாக இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெட்டி. பக்கத்தில் நின்ற ஒரு பெண் உங்கப்பா என்ன செய்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டாள். கேள்வி புரிந்தது, பதிலும் தெரிந்தது, வாய் திறக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், இடம் கிடைக்கக் கூடாது என்று ஒரு மனசு வேண்டிக்கொண்டது. கிடைக்க வேண்டும் என்று இன்னொரு மனசு அதை அதட்டியது.

கிடைத்தது. மே மாத வெயிலில் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார்.

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா குழியில் இருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைப் போட்டுக்கொண்டிருந்தாள். உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம் வைத்து நெய்தால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எழுந்து போனால் இன்னொருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அப்போது தறியில் இருந்தது யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தச் சேலை. அமாவாசைக்குள் நெய்து அறுத்துக் கொடு, இல்லாவிட்டால் அடுத்த சேலைக்கான பாவு நூல் வேறு ஆளுக்குப் போகும் என்று முதலாளி சொல்லியிருந்தார். இரண்டு பேரும் ராப்பகலாக உட்கார்ந்திருந்தார்கள்.

நான் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். இடம் கிடைத்திருக்கிறது. பெற்றோரில் ஒருவர் அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும். கடைசி நாள் வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா நிமிர்ந்து காலண்டரைப் பார்த்தார். அமாவாசை வெள்ளிக்கிழமை.

"ஒரு நாள்தானேமா தள்ளுது. வெள்ளிக்கிழம போனா ஒத்துக்குவாங்களா? அத்தப் பத்தி எதனா போட்டுக்கிறாங்களா பாரு."

போட்டிருந்தார்கள். கடைசி வரியில் கருப்பாக, பெரிதாகப் போட்டிருந்தார்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஒரு நாள்கூடத் தள்ள மாட்டோம், வராவிட்டால் இடம் காத்திருப்பவர்களில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று. அதை நான் மனசுக்குள் படித்து முடித்திருந்தேன்.

"அப்படி ஒண்ணும் இல்லபா. ஒத்துக்குவாங்க" என்றேன்.

ஏன் சொன்னேன்? அந்தச் சேலைக்காக, அவர்கள் இரண்டு பேர் படும் பாட்டுக்காக என்று ரொம்ப காலம் எனக்கு நானே கதை கட்டிக்கொண்டேன். பொய். அந்த வரியைப் படித்துச் சொல்லியிருந்தால் அப்பா தறியை அப்படியே போட்டுவிட்டு மறுநாளே கிளம்பியிருப்பார், அது எனக்குத் தெரியும். எனக்குப் பயம். அந்த இரும்புக் கட்டில் பயம், அந்த இங்கிலீஷ் பயம். வரமாட்டேன் என்று சொல்லவும் தைரியமில்லை, போகவும் தைரியமில்லை. பதிமூன்று வயசுக் கழுதை, தப்பிக்க ஒரு சந்து கிடைத்ததும் நுழைந்துவிட்டேன். ஒரு நாள்தானே, நிஜமாகவே ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்வார்கள் என்றும் நினைத்தேன். எங்கள் ஊரில் ஒத்துக்கொள்வார்கள்.

நடுவில் எட்டு நாள் இருந்தது. கடிதம் வந்தால் உடனே போன் பண்ணு என்று சொல்லியிருந்த டீச்சர் கோடை விடுமுறைக்கு அவர் ஊருக்குப் போயிருந்தார். நான் போன் பண்ணவில்லை. அம்மா எனக்கு நீல பக்கெட், மக்கு, பாய், மூடி போட்ட சோப்பு டப்பா எல்லாம் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஆணியால் என் பெயரைக் கீறி வைத்தாள். தெருவில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தினமும் சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பேன். ஒரு நாள் போனதும் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிடும். வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா சேலையை முடித்துத் தறியிலிருந்து அறுத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு அவர் அந்தச் சேலையை மடித்து அம்மா கையில் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் கொல்லைப்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். ஊரைவிட்டுப் போகிற ஏக்கம் என்று அம்மா என் முதுகைத் தடவினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் பஸ். அம்மாவுக்குப் படையல் வேலை இருந்ததால் வரவில்லை. அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மடியில் அட்டைப்பெட்டியை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். தாமல் ஏரி தாண்டும்போது, "லீவுக்கு வரப்போ இந்தப் பக்கம்தான் வருவ" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

பள்ளி ஆபீஸில் இருந்த மேடம் நல்ல மாதிரி. அதட்டவில்லை, விரட்டவில்லை. நேற்று ஐந்து மணியோடு முடிந்துவிட்டது, அடுத்த பெண்ணுக்கு நேற்றே போன் பண்ணிவிட்டோம், அவள் வந்துவிட்டாள் என்று சொன்னார். வராந்தாவில் அந்தப் பெண் அவள் அம்மாவோடு நின்றுகொண்டிருந்தாள். அவளிடமும் ஒரு பக்கெட் இருந்தது.

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. "இன்னிக்குதான்மா அமாவாச" என்றார்.

"அமாவாசைக்கும் அட்மிஷனுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"எங்களுக்கு இன்னிக்குதான்மா லீவு."

அந்த மேடம், கடைசி நாள் எதுவென்று கடிதத்திலேயே இருக்கிறதே என்று மெதுவாகச் சொன்னார். இப்போது அப்பா என் பக்கம் திரும்புவார், நீதானே சொன்னாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பவே இல்லை. "தெரியும்மா. ஒரு நாள்தானேன்னு நான்தான் அலட்சியமா இருந்துட்டேன்" என்றார். என் வாயிலிருந்து வந்த பேச்சு அவர் கணக்கிலேயே இல்லை. அடுத்த வருஷம் எழுதலாமா என்று கேட்டார். ஒன்பதாவதில் மட்டும்தான் எடுப்பார்கள் என்றார்கள். பக்கெட்டையும் பாயையும் திரும்ப பஸ்ஸில் ஏற்றினோம். டிரைவர், ஹாஸ்டலிலிருந்து லீவுக்கா என்று கேட்டார். அப்பா ஆமாம் என்றார்.

வீட்டில் அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் படையல் வடையை எடுத்து வைத்திருந்தாள். ஹாஸ்டலில் இருக்க வேண்டிய என்னையும் சேர்த்து எதற்கு எடுத்து வைத்தாள் என்று தெரியவில்லை. அந்த பக்கெட் பதினைந்து வருஷம் எங்கள் குளியலறையில் என் பெயரோடு இருந்தது. ஜூன் மாதம் டீச்சர் என்னை ஒன்பதாவது வகுப்பில் பார்த்துவிட்டு, "ஏண்டி எனக்கு ஒரு போன் பண்ணல?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு என்னிடம் அதிகமாகப் பேசவில்லை. அறிவியலுக்கு ஆள் வரவே இல்லை. நான் ஏதோ படித்தேன், ஏதோ ஒரு டிகிரி முடித்தேன். இப்போது இங்கேயே ஓர் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து, அடுத்தவர்களின் விண்ணப்பங்களைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நாளெல்லாம் கடைசித் தேதிகளைச் சத்தமாகப் படித்துச் சொல்வது என் வேலை.

அப்பாதான் மாறிப்போனார். தெருவில் எந்தப் பிள்ளை எந்த வெளியூர்ப் பள்ளிக்கு எழுதினாலும் முதல் ஆளாக அந்த வீட்டுக்குப் போவார். அமாவாசை கிமாவாசை பார்க்காதீர்கள், தறி எங்கேயும் ஓடிப்போகாது, லெட்டர் வந்த அன்றைக்கே கிளம்புங்கள் என்பார். அவர்கள் நம்புவதற்காகத் தன் கதையைச் சொல்வார், ஒவ்வொரு வீட்டிலும் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வார். நாலைந்து பிள்ளைகள் அதனால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். நான் அந்த நேரத்தில் வீட்டுக்குள் ஏதாவது வேலை இருக்கிற மாதிரி நுழைந்துகொள்வேன்.

இந்த வருஷம் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கடிதம் வந்தது. அப்பாவே அவளை என் மையத்துக்குக் கூட்டிவந்தார். கடைசி நாளைப் படித்தேன். "கடைசி வரி வரைக்கும் படிமா" என்றார் அப்பா. அந்த வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்ததும் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்தேன். கடிதம் பழுத்துப் போயிருந்தது. அப்பா எதிரில் தரையில் உட்கார்ந்து, கடைசி வரியில் விரலை வைத்து அப்படியே தமிழில் சொன்னேன். இது அன்றைக்கே எனக்குத் தெரியும், நான்தான் மறைத்தேன், போகப் பயந்துகொண்டு மறைத்தேன், உங்கள் மேல் தப்பே இல்லை என்று சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அப்பா கடிதத்தை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அந்த வரியைப் பார்த்தார். அவருக்கு அது ஒரு கருப்புக் கோடு.

"எம்மனசு ஆறணும்னு சொல்ற. வுடு பாப்பா" என்றார். "அப்படி ஒண்ணு போட்டிருந்தா நீ அன்னிக்கே படிச்சிருப்ப. எதயும் வுட்டுட்டுப் படிக்கிற பொண்ணா நீ?"

சத்தியம் பண்ணினேன். அவர் என் தலையைத் தடவினாரே தவிர நம்பவில்லை. வேறு யாரிடமாவது படிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். அதற்கும் சிரித்தார். கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பெட்டியில் வைத்து மூடினார். எதிர்வீட்டுக்காரர்கள் விடிந்ததும் கிளம்ப வேண்டும், பஸ் நேரம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

நான் பெட்டியை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு வாசலிலிருந்து அவர் குரல் கேட்டது. "எம்பொண்ணுக்கு வந்த சீட்ட நான்தாம்பா கெடுத்தேன்" என்று ஆரம்பித்திருந்தார்.