கட்டைவிரலில் ஒரு தொட்டில் கயிறு

என் அம்மாவின் வலது கால் கட்டைவிரலில் மோதிரம் போட்டுக் கழற்றியது போல வட்டமாக ஒரு தழும்பு உண்டு. பார்க்கிறவர்கள் மிஞ்சித் தழும்பு என்று நினைத்துக்கொள்வார்கள். மிஞ்சி போடுவது பக்கத்து விரலில் அல்லவா? இது தொட்டில் கயிறு போட்ட தழும்பு.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் மாட்டுங்கா லேபர் கேம்பில் குடியிருந்தோம். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அடுப்பு, படுக்கை எல்லாம் அதற்குள்தான். ஒரு மூலையில் சேலைத் திரை கட்டிய மோரி. குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் அங்கே. காலை ஏழு மணிக்கு அப்பா மில்லுக்குக் கிளம்பிவிட்டால் அந்த அறை அம்மாவின் ஆபீஸ் ஆகிவிடும்.

தாராவியில் ஒரு சட்டைக் கார்கானா இருந்தது. அங்கே தைத்த சட்டைகள் மூட்டையாக எங்கள் வீட்டுக்கு வரும். காஜா எடுத்து, பித்தான் தைத்து, பிசிறு வெட்டி, மடித்துத் திருப்பிக் கொடுப்பது அம்மாவின் வேலை. அத்தனையும் வெள்ளைச் சட்டைகள். ஏதோ பெரிய ஹோட்டலில் பரிமாறுகிறவர்கள் போடுவதாம். "நான் தைக்கிறது துணி இல்ல, கண்ணாடி. விரல் பட்டாலே தெரிஞ்சுரும்" என்பாள் அம்மா.

மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு கண்ணாடி தைப்பதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். தையல் சாக்கட்டியால் தரையில் ஒரு கோடு கிழிப்பாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் அம்மாவும் சட்டைகளும். இந்தப் பக்கம் நானும் மூன்று வயதுத் தம்பியும். ரத்தம் வந்தாலோ நெருப்புப் பிடித்தாலோ மட்டும் தாண்டலாம். பசி அந்தப் பட்டியலில் கிடையாது. கைக்குழந்தையான தங்கச்சி உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் கிடப்பாள். தொட்டிலில் இருந்து ஒரு கயிறு வந்து அம்மாவின் கட்டைவிரலில் முடியும். கை காஜா எடுக்கும், கால் தாலாட்டும். மூட்டை வீட்டில் இருக்கும் நாட்களில் எங்கள் தலைக்கு எண்ணெய் கிடையாது. குழந்தைக்கு மை கிடையாது. விளக்கெண்ணெய்ப் புகை பிடித்த மை, ஒட்டினால் போகாது.

ஆனால் இந்த ஏற்பாட்டின் அடியில் ஒரு பொய் இருந்தது. கைக்குழந்தை உள்ள வீட்டுக்குத் துணி கொடுப்பதில்லை என்பது கார்கானாவின் சட்டம். அதனால் மூட்டை கொண்டுவரும் அண்ணாச்சியிடம் முதல் நாளே அம்மா சொல்லிவிட்டாள்: "ஒரே பொண்ணுதான் அண்ணாச்சி, பள்ளிக்கூடம் போறவ." அவர் வருவது ஐந்து மணிக்கு. நாலரைக்குத் தொட்டில் அவிழும், கொடியில் கிடக்கும் பிள்ளைத் துணிகள் மறையும், தம்பியும் தங்கச்சியும் எதிர்வீட்டு மதினியிடம் போய்விடுவார்கள். எனக்கு மதினி இல்லை, அம்மாவுக்குத்தான் மதினி. ஆனால் அந்தச் சந்தில் எல்லோருக்கும் அவள் மதினிதான். ஐந்து மணிக்கு அவர் வந்து நிற்கும்போது என் தம்பியும் தங்கச்சியும் உலகத்தில் பிறந்திருக்கவே மாட்டார்கள்.

இந்த வேலை போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். கடைசி வீட்டு அக்கா தோல் பட்டறைக்குப் போகும்போது பிள்ளைகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவாள். அவர்கள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்ப்பார்கள். அடுத்து அந்தப் பூட்டு எங்களுக்குத்தான்.

ஒரு நாள், மூட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள், விடியும்போதே மழை. பள்ளிக்கூடம் இல்லை. தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மதினி வாசலில் நின்று தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏளா, பிள்ளைய இப்படி வெறும் மூஞ்சியா போட்டிருக்கியே! ஒரு பொட்டு வச்சா ஒங்க ஹோட்டல்காரன் சோறு போடமாட்டேன்னுருவானா? காய்ச்சல் சும்மாவா வருது?"

"மூட்டை போகட்டும் மதினி. பெரிய பொட்டா வச்சுருதேன்."

"நீ வைக்கிறதுக்குள்ள கண்ணு பட்டு முடிஞ்சிரும்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான்தான் அதை நம்பிவிட்டேன். பன்னிரண்டு மணிக்குப் பால் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டு அம்மா குடத்தோடு குழாயடிக்குப் போன நேரம் மைச்சிமிழை எடுத்தேன். கோட்டைத் தாண்டினேன். தங்கச்சியின் கன்னத்தில் காலணா அகலத்துக்கு ஒரு பொட்டு. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, என் விரலைப் பாவாடைக்குள் துடைத்துக்கொண்டேன். திரும்பி வந்த அம்மா கை கழுவி, வியர்வை ஒட்டாமல் இருக்கப் பவுடர் தடவி, கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தொட்டிலுக்குள் பார்க்கவில்லை.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். சந்தில் முழங்கால் தண்ணீர். இன்னும் மூன்று சட்டைகள் பாக்கி. அப்போது சாத்தியிருந்த கதவுக்கு வெளியே அண்ணாச்சியின் குரல் கேட்டது. அம்மாவை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"தங்கச்சி, இருக்கியா? தண்ணி ஏறுது. ரோடு அடைபடும் முன்ன வாங்கிட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

அம்மாவின் முகம் வெளுத்துப்போனதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். எதிர்வீட்டுக்குப் போக வழியில்லை. வேலை முடிந்து கையில் இருந்த சட்டையைத் தோளில் போட்டாள். கயிற்றை உதறினாள். குழந்தையை வாரி எடுத்து அந்தத் தோளோடு அணைத்தாள். மூன்றே எட்டில் எங்களை மோரித் திரைக்குப் பின்னால் தள்ளி, குழந்தையை என் இடுப்பில் வைத்தாள்.

"ஏட்டி, மூச்சு விடப்படாது."

தொட்டில் சேலையை உருவிப் படுக்கைக்கு அடியில் திணித்தாள். உத்தரத்துக் கயிற்றை அவிழ்க்க நேரமில்லை. தோளில் கிடந்த சட்டையை மடித்து அடுக்கில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

திரையின் கிழிசல் வழியாக எல்லாம் தெரிந்தது. அண்ணாச்சி குடையை வாசலில் சாய்த்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். வேட்டி தொடைவரை நனைந்திருந்தது.

"பொண்ணு எங்க?"

"குளிக்கா."

"இந்த மழையிலயா? சரிதான்."

"மூணு சட்டை பாக்கி அண்ணாச்சி. இருந்து வாங்கிட்டுப் போயிருங்க."

மூன்று சட்டை. ஒன்றுக்கு ஐந்து காஜா. தங்கச்சி என் கழுத்தைச் சப்பிக்கொண்டிருந்தாள். தம்பி வாயைத் திறக்கப் போனான். பொத்தினேன். கடித்தான். நான் கத்தவில்லை. மோரியின் ஓட்டை வழியாகச் சாக்கடைத் தண்ணீர் எதிர்த்து ஏறி என் கணுக்காலைத் தொட்டது.

அம்மாவின் ஊசி ஓடியது. ஒரு காஜா, இன்னொரு காஜா. அப்போதுதான் கவனித்தேன்: அவள் கால் கட்டைவிரல் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தது. கயிறு இல்லை, தொட்டில் இல்லை. வெறும் காற்றை ஆட்டிக்கொண்டிருந்தது அந்த விரல். அம்மாவுக்கு அது தெரியவில்லை. அண்ணாச்சி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தார்.

பொழுது போகட்டும் என்பதுபோல அடுக்கில் மேலாக இருந்த சட்டையை எடுத்து விரித்தார். தோள்பட்டையில், காலணா அகலத்துக்கு, இழுபட்ட கறுப்பு.

அம்மாவின் ஊசி நின்றது. அவளுக்கு முதலில் விளங்கவில்லை. மூட்டை இருக்கும் நாளில் இந்த வீட்டில் யாரும் மை தொடுவதில்லையே என்று அவள் கண் தேடியது. பிறகு மெல்லத் திரையின் பக்கம் திரும்பியது. விளங்கிவிட்டது.

சரியாக அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி 'ங்கா' என்றாள்.

தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"மழைன்னா இந்தப் பூனைக எல்லாம் வீட்டுக்குள்ள வந்திருதுக" என்றார் அண்ணாச்சி. கறையைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்துக்கொண்டார். "சே, என் கோளாறு. சைக்கிள் செயின் மசி. கையக் கழுவாம எடுத்துட்டேன் பாரு. இத நானே மண்ணெண்ணெய் வச்சு எடுத்துக்கிடுதேன். நீ மிச்சத்த முடி தங்கச்சி."

அம்மா முடித்தாள். அவர் மூட்டையைத் தார்ப்பாயில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார். திரைக்குப் பின்னால் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்து வந்த மனிதருக்கு ஏது சைக்கிள், ஏது செயின்? பூனைக் குரலும் பிள்ளைக் குரலும் வித்தியாசம் தெரியாத இப்படி ஓர் ஆளை ஏமாற்றிவிட்டோம் என்று பெருமையாக இருந்தது.

அம்மா திரையை விலக்கினாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. ஈரத் தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்தி, கலைந்திருந்த கறுப்பை முந்தானையால் துடைத்தாள். "மைச்சிமிழ எடுத்துட்டு வா" என்றாள். சரியான இடத்தில், சரியான அளவில், பொட்டு வைத்தாள்.

அடுத்த வாரம் அண்ணாச்சி வழக்கம்போல ஐந்து மணிக்கு வந்தார். ஆனால் வீட்டுக்கு வருவதற்கு முன்னால், சந்து முனையில் நின்று பலமாக இருமினார். மூன்று தடவை. பிறகு அங்கேயே ஒரு பீடியைப் பற்றவைத்து, அது முழுவதும் தீரும்வரை குடித்துவிட்டுத்தான் வந்தார். நாலரைக்கு அவிழாமல் கிடந்த தொட்டில் அதற்குள் அவிழ்ந்து, பிள்ளைகள் எதிர்வீடு சேர்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எல்லா வாரமும் இப்படித்தான். இரண்டு வருஷம், தங்கச்சி நடக்கப் பழகி, சாக்கட்டிக் கோட்டுக்கு அடங்கப் பழகும்வரை.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒருநாள் கேட்டே விட்டேன்:

"ஏம்மா, அந்த மாமாவுக்குச் சுக்குத்தண்ணி போட்டுக் குடேன். சந்துல நின்னு அந்த இருமு இருமுதாவ. வீட்டுக்குள்ள வந்தா மட்டும் எப்படி நின்னு போவுது?"

அம்மா குனிந்து காஜா எடுத்துக்கொண்டே இருந்தாள். கட்டைவிரலில் கயிறு மட்டும் போய்ப் போய் வந்தது.