உள்ளான்களை விரட்டக் கூடாது

முதல் நாள் டாக்டர் அம்மா என் கையில் ஒரு பஞ்சுக் குச்சியும் மூடி போட்ட ட்யூபும் கொடுத்து, "காஞ்சது வேண்டாம் மணி. ஈரமா இருக்கறதா பாத்து எடுங்க" என்றார். எதை என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அவர் மணலில் குனிந்து காட்டிய பிறகுதான் பறவை எச்சம் என்று புரிந்தது.

அடையாறு கடலில் சேரும் இடத்துக் குப்பத்தில் பிறந்தவன் நான். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. வலை இழுத்துக்கொண்டிருந்தேன். சேற்றில் நடக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று பறவை நோய்களை ஆராயும் டாக்டர் அம்மாவின் குழு தேடியபோது இந்த வேலை கிடைத்தது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு உதவும் என்று டாக்டர் அம்மா சொன்னதால் எழுதுகிறேன்.

1. வேலை

மழைக்காலம் நெருங்கும்போது வடக்கே குளிர்நாடுகளிலிருந்து உள்ளான், உப்புக்கொத்தி மாதிரி கரைப்பறவைகள் எல்லாம் முகத்துவாரத்துக்கு வரும். வழியில் எத்தனையோ ஏரிகளில் காட்டு வாத்துகளோடு இறங்கி ஏறி வருவதால், கிருமி எங்கே ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. தினமும் கடல் இறங்கி நீர் வற்றும்போது சேறு முழுக்கப் பரவி மேயும். நீர் ஏறினால் சேறு மூழ்கிவிடும். அப்போது எல்லாம் நடுவிலுள்ள மணல் திட்டில் வந்து நெருக்கியடித்து நிற்கும்.

பறவைக் காய்ச்சல் பரவுவது அங்கேதான். கிருமி எச்சத்தில் வெளியே வரும். அதே ஈர மணலில் பக்கத்துப் பறவை அலகை விடும். கிருமி உள்ள உள்ளான் பெரும்பாலும் நோயாளி மாதிரியே தெரியாது. நன்றாக மேயும், பறக்கும். வெயிலில் காய்ந்த எச்சத்தில் கிருமி சீக்கிரம் செத்துவிடும். நிழலும் ஈரமும் இருந்தால் நாள்கணக்கில் கிடக்கும்.

நீர் இறங்கி, பறவைகள் தாமாகவே மேயப் போன பிறகு காலித் திட்டில் இறங்கி எச்சம் எடுப்போம். பூட்ஸ், கிளவுஸ், மாஸ்க் எல்லாம் உண்டு. பறவைகளை நாமாக எழுப்பக் கூடாது என்பது கண்டிப்பான விதி. பறவைக்குத் தொந்தரவு என்பதற்காக என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

குப்பத்தில் டில்லி என்று ஒருவன், சாவு ஊர்வலத்தில் மேளம் அடிப்பவன், வெடியும் அவன் பொறுப்பு. என்னைப் பார்த்தால் விடமாட்டான்.

"இன்னா மாமா, இன்னிக்கி எவ்ளோ பீ கெட்ச்சது?"

நான் ட்யூப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வேகமாக நடந்துவிடுவேன்.

2. சரவெடி

ஒரு தை மாதம் அடையாறு பக்கம் மரத்தடிகளில் காக்கைகள் செத்துக் கிடந்தன. பறவைக் காய்ச்சல் என்று டிவியில் வந்தது. குப்பத்தில் முதலில் பயந்தவர் டில்லியின் அக்கா கஸ்தூரி. ஆற்றோரம் வாத்து வளர்த்து முட்டை விற்றுத்தான் அவர் பிழைப்பு. ஒரு வாத்துக்கு வந்தாலும் ஆபீசர்கள் வந்து மொத்தத்தையும் கொன்று புதைத்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் முற்பகல், நீர் ஏறியிருந்த நேரம். திட்டில் பறவைகள் நிறைந்திருந்தன. நானும் டாக்டர் அம்மாவும் கரையில் காத்திருந்தோம். டில்லி, ஊர்வலத்தில் மிச்சமான சரவெடியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"எல்லாம் ஃபாரின்லேர்ந்து வந்ததால வந்த வெனை. ஒரே சரம். ரஷ்யாவுல போய் எறங்கும் பாரு."

"தம்பி, வேண்டாம்! அதுங்க எங்கயாவது எறங்கித்தான் ஆகணும்" என்றார் டாக்டர் அம்மா.

"நீ போம்மா. உன் வூட்டு வாத்தா சாவப் போவுது?"

"டில்லி, தண்ணி ஏறிக் கீதுடா" என்று ஆரம்பித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவன் பற்றவைத்துவிட்டான்.

திட்டு மொத்தமும் ஒரே வீச்சில் எழுந்தது. ஆற்றின் மேல் இரண்டு மூன்று வட்டம் போட்டது. சேறெல்லாம் தண்ணீருக்குள். சுற்றுவட்டாரத்தில் ஈரமண் தெரிந்தது ஒரே இடத்தில்தான், கஸ்தூரி அக்கா வீட்டுப் பின்கரையில். வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்த அதே கரை. அத்தனையும் அங்கே போய் வாத்துகளுக்கு நடுவில் இறங்கின.

டில்லி கையில் தீப்பெட்டியோடு அப்படியே நின்றான். பிறகு அக்கா வீட்டுப் பக்கம் ஓடினான்.

3. வாத்துகள்

நாங்கள் போவதற்குள் அக்கா வாத்துகளை ஓட்டிக் கொட்டகையில் அடைத்திருந்தார். சோதிக்க வேண்டும் என்று டாக்டர் அம்மா சொன்னதும் வாசலை மறித்து நின்றார்.

"டெஸ்ட்டுன்னு எட்துகினு போவீங்கோ, அப்பால குழி தோண்டுவீங்கோ. என்கு தெரியாதா? டேய் மணி, நீதான் இட்டாந்தியா இவங்கள?"

"வாத்து இங்கயே இருக்கட்டும்மா. தொண்டையிலயும் பின்னாடியும் பஞ்சு வச்சு எடுப்போம். அவ்வளவுதான்."

"இவன் ஊர் பீ பொறுக்குனது போதாதுன்னு என் வாத்து பீய வேற பொறுக்க வந்துட்டான்!"

டில்லிகூடச் சிரிக்கவில்லை. நான் தலையைக் குனிந்தபடி, "நானே புடிச்சிக்கிறேன்க்கா. நோவாம புடிப்பேன்" என்றேன். அக்கா நகர்ந்து வழிவிட்டார்.

டாக்டர் அம்மா தன் பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்து, என்னையும் அப்படியே செய்யச் சொல்லி, ஒட்டியிருந்த சேற்றை அக்காவுக்குக் காட்டினார். "கிருமி பறந்துதான் வரணும்னு இல்ல. இதுலயும் நடந்து வரும்." ஒவ்வொரு வாத்தாக மடியில் வைத்துப் பிடித்தேன். என் பழைய வலையைக் கொட்டகையைச் சுற்றிக் கட்டி, முடிவு வரும்வரை வெளியே விடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தோம்.

ஒட்டியது தெரியச் சில நாள் ஆகும் என்று அடுத்த வாரமும் வாத்துகளுக்குப் பஞ்சு வைத்தோம். அந்த மாதிரிகளும், அன்று நீர் இறங்கியதும் திட்டில் எடுத்த எச்சமும் போபால் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. அடைபட்ட வாத்துகள் முட்டையைக் குறைத்தன. அக்கா என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். டில்லி ஊர்வலத்துக்குப் போகாமல் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

திட்டில் வேலையாக இருந்தபோது டாக்டர் அம்மா போன் செய்தார். திட்டில் எடுத்த எச்சத்தில் கிருமி இருந்தது, வீரியம் குறைந்த வகை. வாத்துகளில் எதுவும் இல்லை. உடனே அடைத்ததாலா, அன்றைய வெயிலாலா, சொல்ல முடியாது என்றார். நான் அப்படியே அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"டேய், நில்லு அங்கயே!" வாசலிலிருந்து அக்கா கத்தினார். "அந்த சேத்து பூட்ஸோட என் வாத்தாண்ட வந்தே, காலை ஒட்ச்சிடுவேன்!"

தெருமுனையிலேயே நின்று குனிந்து பார்த்தேன். முழங்கால் வரை சேறு. அங்கிருந்து என் வழக்கமான குரல் வாசல் வரை எட்டாது. மூச்சை இழுத்துக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்:

"ஒண்ணுத்துக்கும் இல்லக்கா! எல்லாம் நல்லா கீது!"

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பறவை உட்கார்ந்த இடத்தில் உட்காரட்டும். வாத்தையும் கோழியையும் நாம் அடைத்துக்கொள்வோம். யாராவது வெடியோடு வந்தால், முதலிலேயே சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.